லூர்த்தம்மாவைக் குளிப்பாட்டியவர்கள்

அந்தக் கோயில் பங்கில் செத்தவர்களையெல்லாம் கழுவிக் குளிப்பாட்டி உடுத்திவிட்டவள் லூர்த்தம்மா. நத்தார்த் திருநாளுக்கு முந்தின கிழமை, மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவளே செத்துப்போனாள். கோயில் மணி துக்கத்துக்கு விட்டுவிட்டு அடித்தது. ஊர்ச்சனம் சாக்கால் தலையை மூடிக்கொண்டு வந்து விறாந்தையை நிரப்பியது. ஆனால் அவளைக் குளிப்பாட்டத்தான் ஆளில்லை.

தம்பி பெண்சாதி திரேசம்மா ஒவ்வொருத்தியாகக் கேட்டுப் பார்த்தாள். ஒருத்திக்குத் தடிமன், ஈரத்தில் நிற்க ஏலாது. இன்னொருத்தியின் மகள் பிள்ளைத்தாய்ச்சி, பிரேதம் தொட்ட கையோடு அந்த வீட்டுக்குள் போகக்கூடாது. வேறொருத்தி தனக்கு அந்த வேலை தெரியாது, எல்லாம் லூர்த்தம்மாதானே பார்த்தவ என்று சொல்லிவிட்டு அழுதாள். அது பொய்யுமில்லை. இவ்வளவு காலமும் ஒருத்தியே செய்துகொண்டிருந்ததால் மற்ற யாரும் பழகவில்லை.

அச்சுவேலிச் சந்தைக்குக் கிழக்கே, புகையிலைத் தோட்டங்களுக்கும் பனங்காணிக்கும் இடையில் கிடந்த வேதக்கார ஊர் அது. யப்பான்காரன் சண்டைக் காலம். அரிசி கூப்பனுக்குத்தான். கூப்பன் அரிசியிலும் புழுத்த நாற்றம். சனம் மரவள்ளியையும் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவையும் நம்பிக் காலம் தள்ளியது. அந்த வருசத்து மார்கழி மழை வேறு பொல்லாததாக இருந்தது. லூர்த்தம்மாவின் தம்பி சூசைதாசனுக்குப் புகையிலை நாற்று மேடையில் பாதி அழுகிவிட்டது. மிச்சத்தைப் பிடுங்கி நடுவதற்குத் தோட்டத்தில் கால் வைக்க முடியவில்லை. அவர் வாசலில் குந்தியிருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அக்காவுக்குக் காய்ச்சல் பிடித்தது.

லூர்த்தம்மாவின் புருசன் கலியாணம் முடித்த கையோடு மலாயாவுக்குப் போனவன். போனவன் போனவன்தான். பிள்ளையுமில்லை. அவள் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். மெலிந்த, நெடிய, எலும்பு தெரியும் பெண். கொஞ்சம் வாய்க்காரி. கோயிலில் யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடுகிறபோது அவளுடைய குரல் மட்டும் தனியாகக் காகம் மாதிரி எழும்பும். கொஞ்சம் மெதுவாகப் பாடும்படி உபதேசியார் ஒருநாள் தயவாகச் சொன்னார். அடுத்த அடியை அவள் இன்னும் உரக்கப் பாடினாள். அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

பிரேதம் குளிப்பாட்ட அவள் எப்படிப் போகத் தொடங்கினாள் என்று ஊரில் பல கதை இருந்தது. நேர்த்திக்கடன் என்றார்கள் சிலர். மோட்சத்துச் சம்மனசு கனவில் வந்து சொன்னதென்றார்கள் சிலர். அவளைக் கேட்டால் சொல்வது வேறு. ஒரு கிழவி செத்த வீட்டுக்கு அவள் போயிருந்தாள். கிழவியின் வாய் ஆவென்று திறந்தபடி கிடந்தது. பெண்டுகள் சுற்றியிருந்து தலையிலடித்து அழுதார்களே தவிர, நாடியைத் தலையோடு சேர்த்துக் கட்ட ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஈ வந்து இருந்தது. பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல் அவள் துணியைக் கிழித்து நாடியைக் கட்டினாள். அடுத்த செத்தவீட்டில் அவளைக் கூப்பிட்டார்கள். 'அவ்வளவுதான் கதை, சம்மனசு ஒண்டும் வரேல்லை' என்பாள்.

திரேசம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் இதைக் கண்டு பயந்திருக்கிறாள். புகையிலை வெட்டுக் காலத்தில் கூலியாட்கள் நிற்பார்கள், அடுப்பில் பெரிய பானை கொதிக்கும். அந்த நேரம் பார்த்து எவனாவது வந்து வேலிப் படலையில் நின்று இன்னார் தவறிப்போனார் என்பான். மச்சாள் லூர்த்தம்மா கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவாள். உடம்பு விறைக்க முதல் கை காலை நிமிர்த்த வேண்டும், அதுதான் அவசரம். வேப்பிலை போட்டு அவித்த தண்ணீர், சவுக்காரம், பஞ்சு, நாடிக்கும் பெருவிரலுக்கும் கட்டத் துணி. செத்தவர்களோடு கதைத்துக்கொண்டே குளிப்பாட்டுவாள். 'கையைத் தா பிள்ளை', 'கொஞ்சம் சரிஞ்சு கிட அண்ணை' என்பாள். எல்லாம் முடிந்தபின் அந்த வீட்டுப் பின்கோடியில் குந்தியிருந்து ஒரு சுருட்டுப் பற்றவைப்பாள். ஒரு பேணி கோப்பி கொடுத்தால் குடிப்பாள். சாப்பாடு எடுக்கமாட்டாள்.

ஊருக்குத் தெரிந்தும் ஊர் கதைக்காத விசயம் ஒன்று இருந்தது. பனங்காணிக்கு அப்பால் கள்ளுச் சீவுகிற குடும்பங்கள் இருந்தன. அவர்களும் அதே கோயில்தான். ஆனால் கோயிலுக்குள் கடைசியில் ஒரு கயிறு கட்டியிருக்கும், அதற்குப் பின்னால் நிலத்தில்தான் அவர்களுக்கு இடம். அந்தப் பக்கத்தில் யாராவது செத்தாலும் லூர்த்தம்மா போவாள். அங்கே அவளுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்துக் கூடநின்று வேலை பழகியவள் சீவல்காரன் சவிரியின் பெண்சாதி மதலேன். அந்த நாட்களில் லூர்த்தம்மா அங்கேயே முழுகிவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வருவாள். எங்கே போய் வந்தாள் என்று சூசைதாசன் கேட்பதில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், சொன்னால் அவர் ஏதாவது செய்தாக வேண்டும்.

செத்துப்போவதற்கு ஒரு வருசம் முந்தி வீட்டில் ஒரு சண்டை நடந்தது. வாந்திபேதியில் போன ஒருவரைக் குளிப்பாட்டிவிட்டு வந்த மச்சாள், குசினிக்குள் போய் உலைமூடியைத் திறந்து பார்த்தாள். திரேசம்மாவுக்கு அன்று ஏதோ கோபம். பிரேதம் தொட்ட கையால் என்ரை உலையைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மச்சாள் அடுத்த நாள் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கோடியிலிருந்த புகையிலைக் குடிலுக்குப் போனவள், பிறகு வீட்டுக்குள் படுக்கவேயில்லை. சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டாள். சுருட்டுக் குடிப்பதும் கூடிவிட்டது. திரேசம்மா ஒன்றிரண்டு தரம் வந்து உள்ளே படுங்கோ என்று கேட்டாள். இஞ்சை காத்து நல்லாயிருக்கு என்று பதில் வந்தது. வாயால் விட்ட ஒரு சொல் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டதே என்று திரேசம்மா உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். அதைச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை.

காய்ச்சல் பிடித்தபோது பரியாரியாரைக் கூட்டிவந்தார்கள். லூர்த்தம்மா நாடி பார்க்கக் கையை மட்டும் நீட்டினாள். போர்வையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கோயில் சுவாமி வந்து, சாகக்கிடப்பவர்களுக்கான அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் கண்ணைத் திறந்து, மதலேனைக் கூப்பிடு என்றாள். திரேசம்மா கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். காய்ச்சலில் பிதற்றுகிறா என்று இரண்டுபேருமாக ஒரு சொல்லும் சொல்லாமலே முடிவுகட்டிக்கொண்டார்கள். விடிய லூர்த்தம்மாவுக்கு மூச்சில்லை.

இப்போது மதலேன் படலையில் நின்றாள். மணிச்சத்தம் கேட்டு வந்திருக்கிறாள். மழை அவள் தலையில் நேரே விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வரவில்லை, போகவுமில்லை. லூர்த்தம்மாவை, தன் பெரிய நாச்சியாரை, குளிப்பாட்ட வந்ததாக, படலையடியில் நின்ற ஆளிடம் சொல்லியிருக்கிறாள். அது விறாந்தைக்கு வந்து சேருவதற்குள் சனம் குசுகுசுக்கத் தொடங்கிவிட்டது.

கோயில் மூப்பர் வஸ்தியாம்பிள்ளை எழும்பினார். கோயில் காரியங்களை ஊருக்காகப் பார்க்கிறவர், சூசைதாசனுக்கு மாமன் மகன். பெட்டிக்குப் பலகை எடுத்ததும் புதைக்கக் கிடங்கு வெட்ட ஆள் பிடித்ததும் அவர்தான். கெட்ட மனிசன் என்று அவரைச் சொல்லமுடியாது. படலைக்குப் போய், சத்தம் போடாமல், போகச்சொல்லி மதலேனிடம் சொன்னார். அவள் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். வேறு ஆட்கள் இருக்கினம் என்றார். அதற்கும் அவள் அசையவில்லை. திரும்பி வந்து சூசைதாசனிடம் சொன்னார்:

"மச்சான், உவள் உள்ளை வந்து தொட்டாளெண்டால் எங்கடை பக்கத்தார் பெட்டி தூக்காயினம். இப்பவே சொல்லிப்போட்டன். பிறகு என்னிலை குறை சொல்லாதை."

திரேசம்மா சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு முற்றத்தில் இறங்கிப் படலைக்குப் போனாள். மதலேனுக்குக் குளிரில் பல் கிட்டியிருந்தது.

"ஏன் மதலேன், இப்பிடி நிண்டு பிடிவாதம் பிடிக்கிறாய்? என்ன விசயம்?"

"சொல்லமாட்டன் நாச்சியார். பெரிய நாச்சியாருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கிறன். வேறை ஒருத்தரும் அவவைத் தொடவேண்டாம். நீங்கள் வேணுமெண்டால் கூட வந்து நில்லுங்கோ."

திரேசம்மாவுக்கு நேற்றுப் பின்னேரம் நினைவில் வந்தது. பிதற்றல் இல்லை என்று அப்போதே தெரியும். அவள் திரும்பி விறாந்தையில் நின்ற பெண்டுகளைப் பார்த்து, அப்ப உங்களிலை ஆர் வாறியள் என்று கேட்டாள். ஒருத்தியும் முன்னால் வரவில்லை. திரேசம்மா படலையைத் திறந்துவிட்டாள்.

மழை கிணற்றடியில் நிற்கவிடாது என்றபடியால் குடிலுக்குள்ளேயே வாங்குப் பலகையில் கிடத்திக் குளிப்பாட்டுவதென்று முடிவாயிற்று. வாசலுக்குக் கிடுகு சாத்தினார்கள். வேப்பிலைத் தண்ணீர் ஆவி பறந்தது. மதலேன் முதலில் கையைக் கூப்பிச் சிலுவை போட்டாள். பிறகு லூர்த்தம்மாவின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். உள்ளே பழந்துணி சுற்றுச் சுற்றாகக் கட்டியிருந்தது. துணியை அவிழ்க்க அவிழ்க்க ஒரு நாற்றம் எழும்பியது. திரேசம்மா மூக்கைப் பொத்தப் போன கையைக் கீழே விட்டாள். இடதுபக்க மார்பு இருந்த இடத்தில் ஒரு புண், உள்ளங்கை அகலத்துக்கு, கறுத்து அரித்துப்போயிருந்தது.

மதலேன் அதைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. துணியை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு, பழகிய கையாக ஒற்றி எடுத்தாள். போன வருசத்தில் ஒரு சின்னக் கட்டியாகத் தொடங்கினதென்றாள். பிறகு உடைந்ததாம். கோயிலுக்கு வருகிற சாட்டில் நாச்சியார் தன்ரை கொட்டிலுக்கு வந்து போவா, தானே கழுவி மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டிவிட்டதாகச் சொன்னாள். சுருட்டுப் புகைக்குள் புண்ணின் மணம் தெரியாது என்றுதான் சுருட்டுக் குடிப்பதைக் கூட்டிக்கொண்டாவாம்.

"ஆசுப்பத்திரிக்குப் போவமெண்டு நான் காலைப் பிடிச்சு அழுதனான் நாச்சியார். 'அங்கை போனால் ஊருக்குத் தெரிஞ்சுபோம். புண்காரியைப் பிறகு ஆர் செத்தவீட்டுக்குக் கூப்பிடுவினம்' எண்டவ. கடைசியாப் போன கிழமை தச்சன்ரை தாயையும் இந்தப் புண்ணோடைதான் தூக்கிக் குளிப்பாட்டினவ."

திரேசம்மா வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரே வளவுக்குள், ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஒரு வருசம். கேட்பதா விடுவதா என்று யோசித்துக் கேட்டாள்:

"நான் உலையைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னனான். அந்தக் கோவத்திலைதான் குடிலுக்கு வந்தவ எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனே."

"அதையும் சொன்னவ. 'திரேசம்மா நல்ல நேரம் பாத்துச் சண்டை பிடிச்சாள். இல்லாட்டி என்ன சாட்டுச் சொல்லி வெளியிலை வாறது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான்' எண்டு சிரிச்சவ."

திரேசம்மா செம்பை எடுத்து மச்சாளின் தலையில் தண்ணீர் வார்த்தாள். மதலேன் ஒரு கையால் கழுத்தைத் தாங்கிப் பிடித்து, மறுகையால் தலைமயிரைக் கழுவினாள். எந்தப் பக்கம் முதலில் சரிப்பது, எங்கே பஞ்சு வைப்பது, சட்டையைக் கைப்பக்கம் எப்படிப் போடுவது என்று அவள் சொல்லச் சொல்லத் திரேசம்மா செய்தாள். புண்ணுக்குப் புதுத்துணி வைத்துக் கட்டி, அதன்மேல் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் செபமாலையைச் சுற்றினார்கள். கிடுகை விலக்க முதல் மதலேன், இது நம்மோடு இருக்கட்டும் என்றாள். ஓம் என்றாள் திரேசம்மா.

வெளியே வந்தபோது விறாந்தை பாதி காலியாக இருந்தது. மூப்பர் சொன்னபடி செய்துவிட்டார். சூசைதாசன் மனைவியிடம் வந்து, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறாய் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அக்கா கேட்டவ. நீங்களும் காதாரக் கேட்டனீங்கள். நேற்றுக் கூப்பிட்டிருந்தால் உயிரோடை ஒருக்கால் பாத்திருப்பாள்" என்றாள் திரேசம்மா.

அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு படலைக்கு வெளியே ஒழுங்கைக்குப் போனார். அங்கே வேலியோரம் மதலேனுக்காகக் காத்து நின்ற சவிரியிடம் ஏதோ சொன்னார். சவிரி முதலில் தலையை ஆட்டி மறுத்தான். சூசைதாசன் அவனுடைய கையைப் பிடித்தார். பெட்டியின் முன்பக்கத்தைச் சூசைதாசனும் உபதேசியாரும், பின்பக்கத்தைப் பெட்டி செய்த தச்சனும் சவிரியுமாகத் தூக்கினார்கள். நாலுபேருக்குப் பாரம் அதிகம். ஒழுங்கைச் சேற்றில் கால் புதைந்தது, இரண்டு தரம் இறக்கி வைத்துத் தூக்கினார்கள். வீட்டு வாசல்களில் நின்ற ஆண்கள் பெட்டி போகும்போது மரியாதைக்குத் தோள் சால்வையை எடுத்தார்கள், ஆனால் இறங்கி வரவில்லை. சேமக்காலையில் வெட்டிய கிடங்குக்குள் முழங்காலளவு தண்ணீர் ஊறி நின்றது. தச்சனும் சவிரியும் உள்ளே இறங்கிப் பனையோலைப் பட்டையால் இறைத்து ஊற்றினார்கள். சுவாமி குடைக்குள் நின்று செபம் வாசித்து முடித்தார். மூப்பர் முறைப்பாடு சொன்னபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சவிரியைப் பார்த்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், சொந்தக்காரர் சமைத்துக் கொண்டுவருவார்கள். அன்று ஒருவரும் கொண்டுவரவில்லை. பின்னேரமாகத் திரேசம்மா தானே அடுப்பை மூட்டி மரவள்ளி அவித்தாள். சூசைதாசன் உப்பும் சம்பலும் இல்லாமல் அதைத் தின்றார். குறை சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசையில் சுவாமி லூர்த்தம்மாவைப் பற்றிப் பேசினார். கோயிலைச் சனிக்கிழமை தோறும் கூட்டியவ என்றார். மெழுகுதிரித் தண்டு துலக்கியவ, அந்தோனியார் திருநாளுக்குக் கஞ்சி காய்ச்சியவ, கூலி கேளாதவ என்றார். எல்லாம் உண்மைதான். பிரேதம் குளிப்பாட்டினதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்லப்போனால் மற்றக் கதையும் எழும்பும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். திரேசம்மா முன்னால் இருந்த தூணைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

பூசை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் பெண்டுகள் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்கள். அன்று தடிமன் என்று சொன்னவள்தான் முதலில் தொடங்கினாள். தன்ரை கைக்குழந்தை செத்தபோது போட ஒரு நல்ல சட்டை இருக்கவில்லையாம், லூர்த்தம்மா தன் கலியாணச் சீலையின் ஒரு பக்கத்தை வெட்டி அங்கேயே குந்தியிருந்து தைத்துப் போட்டாளாம். இன்னொருத்தி தன் மாமனாரின் மூடாத கண்ணைப் பற்றிச் சொன்னாள். லூர்த்தம்மா அந்தக் கண்ணைப் பார்த்து, 'இனி ஒண்டும் பாக்கக் கிடையாது அப்பு, மூடுங்கோ' என்று சொல்லித் தடவ அது மூடிக்கொண்டதாம். வேறொருத்திக்குச் சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்துவிட்டது. கனத்த உடம்புக்காரரான தன் புருசனைச் சரித்தபோது வாங்கு முறிந்து, பிரேதமும் லூர்த்தம்மாவும் ஒன்றாக விழுந்த கதை. கயிற்றுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த பெண்டுகளும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மதலேன் அவர்களுக்குள் நின்றாள். திரேசம்மா அவளைப் பார்த்தாள், அவளும் பார்த்தாள்.

மாசியில் மழை ஓய்ந்தது. பிந்தி நட்ட புகையிலை ஒருமாதிரித் தேறி, இலை அகலிக்கத் தொடங்கியது. சூசைதாசன் தோட்டத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தார். திரேசம்மா வாய்க்காலில் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது மூப்பர் வஸ்தியாம்பிள்ளை வரம்பால் வந்தார். மேலில் சால்வை இல்லை. முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. நெடுநாளாகப் பாயோடு கிடந்த அவருடைய தாய் அன்று வெயில் ஏற முதல் போய்விட்டாள்.

அவர் சூசைதாசனிடம் சொல்லிவிட்டுத் திரேசம்மாவிடம் திரும்பினார். கண்ணைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, அம்மாவைக் குளிப்பாட்ட வேணும். வீட்டிலை பெண்டுகள் கிட்டப் போகப் பயப்பிடுதுகள். முதுகெல்லாம் படுக்கைப் புண். நீ ஒருக்கால் வந்தால் நல்லது."

திரேசம்மா மண்வெட்டியை வரம்பில் சாத்தி வைத்து, காலைக் கழுவினாள்.

"வாறன் அண்ணை. வரமாட்டனெண்டு சொல்லேல்லை. ஆனால் எனக்குத் தனிய ஏலாது. ஒருக்கால் கூடநிண்டு செய்ததுதான், வேலை தெரிஞ்சவள் மதலேன். அவளும் வரவேணும்."

மூப்பர் தோட்டத்துக்கு அப்பாலிருந்த பனைகளைப் பார்த்தார். சூசைதாசன் கிணற்றுத் துலாவைப் பிடித்தபடி நின்றார்.

"சரி. ஆரையும் அனுப்பிக் கூப்பிடுவிக்கிறன்" என்றார் மூப்பர் கடைசியில்.

"ஆள் அனுப்பினால் வராள் அண்ணை. படலையிலை வைச்சுப் போகச்சொன்னது நீங்கள். நீங்கள்தான் போய்க் கூப்பிடவேணும்."

அவர் அந்த இடத்திலேயே நின்றார். திரேசம்மா அவருக்காக இரங்கினாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை. பிறகு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பால் இறங்கி, பனங்காணிப் பாதையில் நடந்தார். அந்தப் பாதையில் அவர் போவதை அவர்கள் இரண்டுபேரும் அதற்கு முந்திக் கண்டதில்லை.

திரேசம்மா வீட்டுக்குப் போய்ச் சீலை மாற்றினாள். பஞ்சும் பழந்துணியும் சவுக்காரமும் எடுத்து ஒரு கடகத்தில் வைத்தாள். வேப்பங்கொத்து முறித்துக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தபோது அவர்கள் வருவது தெரிந்தது. மூப்பர் முன்னால் வந்தார், மதலேன் கொஞ்சம் பின்னால். அங்கே என்ன கேட்டார், என்ன சொன்னாள் என்று திரேசம்மா கேட்கவில்லை. மதலேன் அவளுடைய கடகத்தை எட்டிப் பார்த்து, துணி காணாது என்றாள். பிறகு மூப்பரைக் கேட்டாள்:

"ஆச்சி போனது விடியவோ நயினார்? காலை நீட்டி விட்டனீங்களோ?"

"இல்லை. ஒருத்தரும் தொடேல்லை" என்றார் மூப்பர்.

"அப்ப விறைச்சுப்போம். கெதியா நடவுங்கோ" என்றாள் மதலேன்.

மூப்பர் கெதியாக நடந்தார்.